வெளியாள்

தி.நகர் ஜவுளிக்கடையின் மேல்மாடியில் விசாரணை தொடங்கியபோது நிலா வாயைத் திறக்கவில்லை.

புகாரில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தாள். புடவைக் கட்டு எடுக்க குடோனுக்குப் போனபோது ஃப்ளோர் மேனேஜர் ஜவஹர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தி, இடுப்பைப் பிடித்தார். அவள் கத்தியதும் விட்டுவிட்டார். ஆனால் குழுவின் முன்னால் உட்கார்ந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாலியல் புகார்களை விசாரிக்கும் அந்தக் குழுவில் நான்கு பேர். தலைவி தங்கபுஷ்பம், கணக்குப் பிரிவில் மூத்தவர், முதலாளி அண்ணாச்சியின் ஊர்க்காரர். பில்லிங்கிலிருந்து சுரேஷ்குமாரும் கீர்த்தியும். வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால் ஜெனிதா. சாந்தோமில் பெண்களுக்கான சிறிய அமைப்பு ஒன்றை நடத்துகிறவர். வருடாந்திர அறிக்கையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு இங்கே அதுவரை வேலை வந்ததில்லை.

விசாரணையைத் தள்ளிவைத்ததும் ஜெனிதா படிக்கட்டில் நிலாவைப் பிடித்தார்.

"ஏம்மா பேசல?"

"நீங்க யாரு ஆளு, அக்கா?"

"யாரோட ஆளும் இல்லம்மா. நான் வெளியிலேர்ந்து வர்றேன்."

"கடை கார்லதான வந்தீங்க. அண்ணாச்சி ரூம்ல காபி குடிச்சிக்கினு இருந்தீங்க. நான் வெளிய ஒக்காந்து பாத்துக்கினுதான் இருந்தேன்." நிலா குரலைத் தாழ்த்தினாள். "கதவாண்ட அண்ணாச்சி வூட்டம்மா வேற ஒக்காந்துகினு கீறாங்க. ஜவஹர் சாரோட அக்கா. நான் இன்னா பேசறது?"

ஜெனிதாவுக்கு முகம் சுட்டது. அந்தக் காபி வெறும் மரியாதை என்றுதான் நினைத்திருந்தார்.

அடுத்த விசாரணையைச் சாந்தோமில் தன் அலுவலகத்தில் வைக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி ஒத்துக்கிட மாட்டாவ," என்றார் தங்கபுஷ்பம்.

"அவர்கிட்ட கேக்க வேண்டியதில்ல மேடம். குழு முடிவு பண்ணா போதும்."

குழு ஒத்துக்கொண்டது. இந்த முறை கடைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜெனிதா பஸ்ஸிலேயே தன் அலுவலகத்துக்குப் போனார். நிலா அழாமல், ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜவஹர் முதலில் அன்று குடோன் பக்கமே போகவில்லை என்றார். கீர்த்தி மறுபடி கேட்டபோது, ஸ்டாக் பார்க்கப் போனதாகச் சொன்னார்.

கடைசியாக வந்தவள் தேவானை. சத்தம் கேட்டு ஓடி வந்து கதவைத் தட்டியவள் இவள்தான் என்று நிலா சொல்லியிருந்தாள். கடை விடுதியில் தங்கியிருக்கும் பெண். உட்காரும் முன்பே கேட்டாள்.

"நான் சொல்றது அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல ஜெனிதாவுக்கு வாய் வரை வந்தது.

"அறிக்கை அவர்கிட்டதாம்மா போகும். நீ சொன்னத எழுதாம இருக்க முடியாது."

தேவானை ஜன்னல் பக்கம் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அதற்குப் பிறகு எத்தனை விதமாகக் கேட்டும் அதையே சொன்னாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் பேசியிருப்பாளோ என்று ஜெனிதா நெடுநாள் யோசித்தார்.

சாட்சியே இல்லையே என்றார் சுரேஷ்குமார். "மாத்திப் பேசினது ஜவஹர்தான். நிலா இல்ல," என்றார் ஜெனிதா. கீர்த்தியும் அதையே சொன்னாள். எல்லோரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ள பொய் சொல்லல. எனக்குத் தெரியுது," என்றார். "ஆனா நாளைக்கு அண்ணாச்சி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

ஆனாலும் தங்கபுஷ்பம் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். புகார் உண்மை, ஜவஹரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று அறிக்கை போனது.

முதலாளி அவரை நீக்கவில்லை. வேறு கிளைக்கு மாற்றினார். தங்கபுஷ்பத்துக்குக் கணக்குப் பிரிவிலிருந்து பார்சல் கவுன்டர் கிடைத்தது. அந்த மாதமே ஜெனிதாவின் பதவிக்காலம் முடிந்தது; மறுபடி அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனிதா நொச்சிக்குப்பத்துக்குப் போனார். வீட்டு வாசலில் நிலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அறிக்கைல சொன்னபடி அண்ணாச்சி செய்யாதது தப்பும்மா. மேல்முறையீடு பண்ணலாம். வக்கீல் நான் பாக்கறேன்."

"கடைல யாரும் எங்கூட பேசறதில்லக்கா. தேவானை கூட இப்ப என்னை வுட்டுட்டு தனியாதான் சாப்புடுது." நிலா ஒரு பாவாடையை உதறினாள். "திரும்ப மொதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணுமா?"

"சொல்ல வேண்டி வரலாம்."

நிலா கொடியைப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மாவ கேட்டுட்டு சொல்றேன்," என்றாள்.