நகர்ந்து நின்றவள்

டிராஃபிக் என்று அவளுக்குப் பெயர் வைத்தது, தூண் என்று எல்லோரும் கூப்பிடும் அவள் தோழிதான். நடுக்கோட்டில் ஒரு கையால் பந்தைத் தட்டிக்கொண்டே மறு கையைத் தூக்கி, நீ அங்கே போ, நீ இங்கே வா என்று நான்கு பேரையும் விரட்டிக்கொண்டிருப்பாள். நாற்சந்தியில் நிற்கிற போலீஸ்காரர்கூட இவ்வளவு அதிகாரம் பண்ணமாட்டார். கூடைப்பந்தில் அந்த இடத்துக்கு பாயின்ட் கார்ட் என்று பெயர். பந்தை மேலே கொண்டு வருவதும், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வதும் அவள் பொறுப்பு. கூடையில் போட்டுக் கைதட்டு வாங்குகிறவர்கள் மற்றவர்கள். தோற்றால் மட்டும் முதல் திட்டு அவளுக்கு வந்துவிடும்.

மின்கம்பித் தொழிற்சாலையின் பெண்கள் அணி அது. முதலில் களமிறங்கும் ஐந்து பேருக்குச் சிவப்புச் சட்டை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர்கள் ஷெட்டை விட்டுப் பயிற்சிக்குப் போய்விடலாம். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு மஞ்சள் சட்டை. அவர்கள் சைரன் ஊதும்வரை கம்பிச் சுருளோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் வரவேண்டும். டிராஃபிக்குக்கு வேலை சோதனைப் பிரிவில். கம்பியில் மின்சாரத்தை ஏற்றி, மேலுறை எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது என்று பிரிவில் பெருமையாகச் சொல்வார்கள்.

நான்கு வருஷமாகச் சிவப்புச் சட்டை அவள் உடம்பில்தான் இருந்தது. ஆனால் அது அவளுடையது என்று யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. முன்பு ஆடிக்கொண்டிருந்தவள் கல்யாணமாகிப் போனபோது, "இப்போதைக்கு நீ ஆடும்மா" என்றார் கோச். அந்த இப்போதைக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. அவளுக்கும் கல்யாணமாயிற்று. மாமியார் தொலைபேசியில் கூப்பிட்டு, "விசேஷம் ஒண்ணுமில்லையா?" என்று கேட்கும்போதெல்லாம், "இடம் உறுதியாகட்டும் அத்தை" என்பாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் பதறாமல் போய்க் கதவைத் திறக்கிறவன், இந்த விஷயத்திலும் பதறவில்லை. உறுதியாகட்டும் என்று அவனும் சொன்னான். முப்பத்தொன்று ஆகிவிட்டது, இன்னும் உறுதியாகவில்லை.

இந்த வருஷம் நிர்வாகமே கேட்டுவிட்டது. அடுத்த ஐந்து வருஷத்துக்கு யார் உங்கள் பாயின்ட் கார்ட்? ஒரு ஆளைச் சொல்லுங்கள், விளையாட்டுப் பிரிவில் நிரந்தரமாகப் போட்டுவிடுகிறோம். போட்டிக்கு வந்து நின்றவள் சிட்டு. கல்லூரியை முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். நிற்கச் சொன்னால்கூடத் துள்ளிக்கொண்டுதான் நிற்பாள். யாரைப் பார்த்தாலும் அக்கா, அக்கா என்று சிரிப்பாள். வெறுக்கவாவது அவளிடம் ஏதாவது கிடைக்குமா என்று டிராஃபிக் தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

ஆனாலும் பயப்படவில்லை. அவள் பக்கத்தில் தூண் இருந்தாள்.

தூண் அணியிலேயே உயரமானவள், ஸ்டோர் ரூமில் வேலை. மேல் தட்டுப் பெட்டிகளை ஏணி இல்லாமல் எடுப்பாள். ஆட்டத்தில் அவளுடைய முக்கியமான வேலை, ஸ்கிரீன் போடுவது. எதிரணிக்காரி டிராஃபிக்கைத் துரத்தி வரும் வழியில் சுவர் மாதிரி போய் நிற்கவேண்டும். டிராஃபிக் அவள் தோளை உரசிக்கொண்டு ஓடிவிடுவாள், துரத்துகிறவள் சுவரில் மோதி நிற்பாள். ஒரே ஒரு விதி. சுவர் நகரக்கூடாது. நகர்ந்து இடித்தால் ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போய் உட்காரவேண்டியதுதான்.

இரண்டு வருஷமாகத் தூணுக்கு ஃபவுல் மேல் ஃபவுல். முக்கியமான ஆட்டங்களில் பாதியிலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். வயசாயிடுச்சு, உடம்பு கனத்துப்போச்சு என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். கோச் எல்லோர் முன்னாலும் வைத்துக் கிழித்தார். ஏன், டிராஃபிக்கே ஒரு அரையிறுதியில் நடுக்களத்தில் நின்று, "நகராம நில்லுடி! அது ஒண்ணுதான உன் வேலை?" என்று கத்தினாள். தூண் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிடி, கத்தாத" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

அதே இரண்டு வருஷத்துக்கு முன்புதான் டிராஃபிக்கின் வலது முட்டி ஒரு பயிற்சியில் திருகிக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் தூண்தான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, இப்போதே ஆபரேஷன் செய்தால் நல்லது, ஒரு சீசன் ஓய்வெடுங்கள் என்றார். ஒரு சீசனா? இப்போதைக்கு ஆடுகிறவள் ஒரு சீசன் ஓய்வெடுத்தால் திரும்பி வரும்போது நாற்காலியே இருக்காது. சில வாரம் ஏதேதோ காரணம் சொல்லிவிட்டு, முட்டியைக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாள். ஆச்சரியம், பழைய வேகம் அப்படியே இருந்தது. துரத்துகிறவர்கள் முன்பு போலவே பின்தங்கினார்கள். "டாக்டருங்களுக்கு என்னடி தெரியும்" என்று தூணிடம் பெருமையடித்தாள். தூண் சிரித்தாள்.

தேர்வு தொடங்கியது. முதல் நாட்களில் அவரவர் சட்டையில் அவரவர் ஆடினார்கள். சிவப்பில் டிராஃபிக், மஞ்சளில் சிட்டு. சிட்டு நன்றாகத்தான் ஆடினாள், ஆனால் டிராஃபிக்குக்கு முன்னால் எடுபடவில்லை. தூணின் தோளை உரசிப் பறக்கும்போதெல்லாம் பெஞ்சிலிருந்து கைதட்டல் வந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம், "நம்ம சின்ன ரூமை காலி பண்ணி வெள்ளையடிக்கணும்ங்க" என்றாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. மறுநாளே அங்கிருந்த பழைய மோட்டார்களையும் கயிறுகளையும் மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் அடுக்கினான்.

கடைசி நாள். கோச்சுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரைத் தேர்ந்தெடுப்பதானாலும் கடைசியில் அந்த இரண்டு பேரை மட்டும் சட்டை மாற்றிக்கொள்ளச் சொல்வார். நல்ல கூட்டத்தோடு சேர்ந்தால் யாரும் நன்றாக ஆடலாம், சட்டை மாறின பிறகு யார் யாராக இருக்கிறார்கள் என்று பார்ப்பேன் என்பார். டிராஃபிக் சிவப்பைக் கழற்றிச் சிட்டுவிடம் கொடுத்தாள். மஞ்சள் சட்டையில் அந்தப் பெண்ணின் வியர்வை ஈரம் இருந்தது. எதிரே தூண் குனிந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்தே பார்க்கவில்லை. பொதுவாக அவளுடைய நாடா அவிழ்வதேயில்லை.

முதல் ஐந்தாறு தாக்குதலும் மஞ்சளுக்கு, பிறகுதான் சிவப்புக்கு. துரத்துவது சிட்டு. டிராஃபிக் பந்தைக் கொண்டு வந்து கையைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சளின் உயரக்காரி, பெயின்ட் பிரிவிலிருந்து வருகிற அப்பாவிப் பெண், ஓடி வந்து சரியான இடத்தில் நின்றாள். டிராஃபிக் அவள் தோளை உரசிக்கொண்டு பாய்ந்தாள். பாய்ந்து பார்த்தால் சிட்டு பக்கத்திலேயே நிற்கிறாள். பந்து போய்விட்டது.

சரி, ஒரு தடவை தப்பும். மறுபடியும் கையைத் தூக்கினாள். மறுபடியும் சிட்டு பக்கத்திலேயே இருந்தாள். அடுத்த தடவை, அதற்கும் அடுத்த தடவை, அதேதான். சுவர் இருக்கிறது, அவளும் ஓடுகிறாள், ஆனால் அவள் போய்ச் சேருவதற்குள் சிட்டு சுவரைத் தாண்டி வந்து காத்துக்கொண்டிருக்கிறாள். முட்டிக்குள் ஏதோ கடகடவென்று ஆடியது. பெஞ்சில் யாரும் கைதட்டவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெயின்ட் பிரிவுப் பெண் மேல் பாய்ந்தாள்.

"ஏன்டி இப்படிக் கல்லு மாதிரி நிக்கிற? கொஞ்சம் நகர்ந்து அவளைத் தடுத்தா என்ன?"

அந்தப் பெண் மிரண்டு போனாள். "நகரக்கூடாதேக்கா. நகர்ந்தா ஃபவுலாச்சே."

அவள் சொன்னதை டிராஃபிக் மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். மெல்லத் திரும்பித் தூணைப் பார்த்தாள். தூண் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்து ஃபவுல்கள் ஒவ்வொன்றாக அவள் கண் முன்னால் வந்தன. அந்த அரையிறுதி, அந்தத் துண்டு, அந்த "சரிடி, கத்தாத". மீட்டரே வேண்டியிருக்கவில்லை.

சிவப்பின் முறை வருவதற்குள் கோச் விசிலை ஊதி முடித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவள் பக்கத்தில் வந்து, "நீ எவ்வளவோ பண்ணிட்டம்மா" என்றார்.

உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தைல வாடை. டிராஃபிக் முட்டிக் கட்டை அவிழ்த்தபடி கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"நீ திரும்பி வந்த அன்னைலேர்ந்து" என்றாள் தூண். "முதல் ஓட்டத்துலயே தெரிஞ்சுது. நீ என் தோளுக்கு வரதுக்குள்ள உன்னைத் துரத்தினவ வந்துட்டா. சும்மா கொஞ்சம் அவ பக்கமாச் சாஞ்சேன். நீ போயிட்ட. அப்புறம் சாஞ்சுக்கிட்டே இருந்தேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ ஆடியிருப்பியா?"

"ஆடியிருக்க மாட்டேன். ஆபரேஷன் பண்ணியிருப்பேன்! ஒரு சீசன் போயிருக்கும், அவ்வளவுதான. இல்ல, எல்லாத்தையும் தலை முழுகிட்டுக் குழந்தை பெத்துருப்பேன். இப்போ எனக்கு முட்டியும் இல்ல, எடமும் இல்ல, ஒண்ணும் இல்லடி. நான் ஓடுறேன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் நொண்டியிருக்கேன். ஊருக்கெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டு!"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா அன்னைக்கே உன்னை வெளியில உக்கார வெச்சிருப்பாங்க. நீ அழுதுக்கிட்டு உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சுது."

"யாருடி உங்கிட்டக் கேட்டா?"

"நீ கேக்க மாட்ட. அதனாலதான்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தால் அரையிறுதியில் கத்தியது ஞாபகம் வந்தது. நன்றி சொல்லவும் மனம் வரவில்லை. தன் வாழ்க்கையில் கைவைத்துவிட்டாள் என்கிற கோபம் மட்டும் குறையவேயில்லை. கட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இத்தனை வருஷத்தில் தூணை விட்டுவிட்டுத் தனியாகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனது அன்றுதான் முதல் தடவை.

வீட்டில் கணவன் சின்ன அறையின் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அவள் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இல்லைன்னுட்டாங்களா?"

தலையை ஆட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். நல்லதாக ஒன்றைச் சொல்லவேண்டும் என்று சொன்னான்: "விடு. இனிமே உனக்கு நேரம் இருக்கும்ல."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் அந்த அறையைப் பார்க்கப் பயமாக இருந்தது. உறுதியானதும் பெற்றுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருந்ததை, ஒன்றும் கிடைக்காததால் பெற்றுக்கொள்ளலாம் என்று எப்படி எடுப்பது? தண்ணீரைக் குடித்துவிட்டு, "நாளைக்குப் பேசலாம்" என்றாள். அந்த நாளைக்கும் ஒரு இப்போதைக்குத்தான் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

மறுநாள் மதியம் சிவப்புச் சட்டைக்காரர்கள் ஷெட்டை விட்டுக் கிளம்பியபோது அவள் மீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே சிட்டு துள்ளிக்கொண்டு போனாள், பின்னால் தூண். தூண் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் கடந்து போனாள். சைரன் ஊதிய பிறகு டிராஃபிக் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். போகாமலே இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் தோன்றியது, ஆனால் வேறெங்கே போவது என்றும் தெரியவில்லை.

"நீ சிட்டுவைப் பிடிம்மா" என்றார் கோச்.

சிட்டு நடுக்கோட்டில் நின்று கையைத் தூக்கினாள். தூண் வந்தாள். டிராஃபிக்குக்கு அந்தக் காலடிச் சத்தம் தூக்கத்தில்கூடத் தெரியும். இப்போது சாய்வாள், இப்போது ஒரு அடி நகர்வாள், விசில் கேட்கும் என்று அவள் உடம்பு தானாகவே எதிர்பார்த்தது. சிட்டு பறந்தாள். டிராஃபிக் துரத்தினாள், துரத்திய வேகத்தில் தூணின் மார்பெலும்பில் போய் நேராக மோதினாள். தூண் அசையவில்லை. இரண்டு காலும் தரையில் ஊன்றி, இரண்டு கையும் மார்பில் மடங்கி, இம்மி பிசகாமல் நின்றிருந்தாள். இவளுக்கு அசையாமல் நிற்கவும் தெரியும். எப்போதுமே தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பின்னால் பந்து கூடைக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

"அப்படி நில்லு!" என்று கோச் கை தட்டினார். "ரெண்டு வருஷமாத் தொண்டை கிழியக் கத்தினேன், இன்னைக்குத்தான் நின்னிருக்கா பாரு!"

டிராஃபிக் தரையில் உட்கார்ந்திருந்தாள். முட்டி தீயாக எரிந்தது. தூண் குனிந்து கையை நீட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"வலிக்குதாடி?" என்றாள், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

டிராஃபிக் அந்தக் கையைப் பிடிக்காமல், தரையில் கையை ஊன்றித் தானாகவே எழுந்தாள். கோச் விசில் ஊதி, இன்னொரு தடவை என்றார். அவள் நொண்டிக்கொண்டே நடுக்கோட்டுக்குத் திரும்பிப் போய்ச் சிட்டுவின் எதிரில் நின்றாள்.