அடிப்பிடிக்கிற வாணலி

ஒன்பது வருஷமாக அந்த ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அடுப்பைப் பார்த்தால் மட்டும் கை துறுதுறுவென்று வரும். துணைச் சமையல்காரர் வேலையை விட்டுப் போன அன்று, வாயை அடக்க முடியாமல் முதலாளியிடம் கேட்டே விட்டேன்.

“அந்த இடத்தை எனக்குக் குடுங்க முதலாளி.”

அடுப்படியில் நின்ற சமையல் மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “சட்டி கழுவுனா சமைக்க வந்துடுமா? உன் கையில வீட்டுக் குழம்புதாம்மா வரும்.”

முதலாளி சிரிக்கவில்லை. “நாளன்னிக்கு உனக்கு லீவுதானே? நம்ம ஓட்டல் கோழிக் கறி மாதிரியே வீட்ல செஞ்சு கொண்டா. நல்லா இருந்தா அடுப்பு உனக்கு. இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

என் வீட்டுக்காரர் பாத்திரக் கடையில் விற்பனையாளர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே ஆழமான, கனமான, பளபளக்கிற நான்ஸ்டிக் பாத்திரம் ஒன்றையும் மரக் கரண்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“இதுல எதுவுமே ஒட்டாது! சிம்ல வெச்சிட்டு நீ பாட்டுக்கு டிவி பாக்கலாம்!”

அவர் பேச்சை நம்பிச் செய்தேன். வெங்காயமும் தக்காளியும் வேகவைத்து அரைத்த விழுது, மசாலா, கோழித் துண்டு என்று ஓட்டலில் போடுகிற எல்லாமே போட்டேன். சொன்னபடியே ஒன்றும் ஒட்டவில்லை. வாயில் வைத்தால் காய்ச்சல்காரருக்குச் செய்த குழம்பு மாதிரி சப்பென்று இருந்தது. அவர் “பிரமாதம்மா!” என்று விரலை நக்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஓட்டலில் தொட்டிக்கு முன்னால் நின்றேன். மெல்லிய, வாய் அகன்ற அலுமினிய வாணலிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் உள்பக்கமும் பழுப்பாக ஒரு வளையம் காய்ந்து ஒட்டியிருந்தது. மாஸ்டரைத் திட்டிக்கொண்டே நான் தினமும் சுரண்டுகிற வளையம்தான். அன்றைக்குத்தான் கண் திறந்து பார்த்தேன். அது ஒருபோதும் வாணலியின் கால் பாகத்துக்கு மேலே ஏறியதில்லை. அப்படியென்றால் மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறார். பெரிய தீயில் ஓரத்தில் ஒட்ட விடுகிறார், ஒட்டியதைச் சுரண்டி உள்ளே தள்ளுகிறார். கரண்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாமே ஒரே பக்கம் தேய்ந்திருந்தன. அட மண்டு, இத்தனை வருஷமும் மிச்சமிருந்த ருசியைத்தானே சாக்கடையில் கழுவி விட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் நேராக என் வீட்டுக்காரர் வேலை செய்கிற கடைக்குப் போனேன். கடை நேரத்தில் குடும்பப் பேச்சு பேசினால் அவர் முதலாளிக்குப் பிடிக்காது.

“வாங்கம்மா, என்ன பாக்குறீங்க?” என்றார் என் புருஷன், யாரோ எவரோ போல.

“அடிப்பிடிக்கிற வாணலி வேணும்.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “எல்லாரும் ஒட்டாததுதாம்மா கேப்பாங்க…”

“எல்லாரும் கேக்கட்டும். எனக்கு மெல்லிசா, வாய் அகலமா, நீளக் கைப்பிடியோட வேணும். வீட்டு அடுப்புல சட்டுனு சூடேறணும்.”

கீழ்த்தட்டின் மூலையிலிருந்து தூசியோடு ஒன்றை இழுத்தார். ஓரம் நேராக இருந்த இரும்புக் கரண்டி ஒன்றை நானே பொறுக்கி எடுத்து, வாணலியின் உள்பக்கம் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கிறீச்சென்றது.

“ஐயோ, கீறல் விழும்மா!”

“விழட்டும். கட்டிக் குடுங்க.”

லீவு நாள் காலையில் அடுப்பை முழுசாகத் திருகிவிட்டேன். இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு மட்டும் செய்தேன். எண்ணெய் புகைகிற நேரத்தில் மசாலா, அது கருகுவதற்குள் ஒரு கரண்டி விழுது, பின்னாலேயே வேகவைத்திருந்த கோழித் துண்டு. ஓரமெல்லாம் பழுப்பேறியது.

“ஒட்டுது, ஒட்டுது!” என்று பின்னாலிருந்து அலறினார் அவர்.

“ஒட்டட்டும்! கத்தாம ஜன்னலைத் திறங்க!”

சுரண்டி உள்ளே தள்ளினேன். மறுபடி ஒரு கரண்டி ஊற்றி, ஒட்டவிட்டு, மறுபடி சுரண்டினேன். நாலாவது சுற்றில் எண்ணெய் பிரிந்து மேலே வந்தது. அப்போது வந்ததே ஒரு வாசனை! ஓட்டலில் தினமும் என் மூக்கில் ஏறுகிற அதே வாசனை. அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு, தான் வாங்கி வந்த நான்ஸ்டிக் பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “இத்தனை நாளா நான் என்னத்தம்மா வித்துட்டு இருக்கேன்?” என்றார்.

மத்தியானம் டிபன் டப்பாவை முதலாளி முன்னால் திறந்து வைத்தேன். அவர் ஒரு துண்டு சாப்பிட்டார், கேட்காமலே இன்னொன்றும் எடுத்தார். மாஸ்டர் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“உண்மையைச் சொல்லு. எந்த ஓட்டல்ல வாங்கினே?”

அந்தக் கேள்வியைக் கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா!

“அடுப்பை விட்டு நகருங்க மாஸ்டர். கண்ணு முன்னாலயே செஞ்சு காட்டுறேன்.”

சப்ளையர் ஜன்னல் வழியாக, “கோழிக் கறி ஒண்ணு!” என்று குரல் கொடுத்தார். மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி தலையசைத்தார். மாஸ்டர் நகர்ந்தார். அவருடைய வாணலியை, அவருடைய தீயில், என் கையால் வைத்தேன். கோழி முன்பே வெந்து தயாராக இருந்ததால் ஐந்தே நிமிஷத்தில் தட்டு வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் சப்ளையர் திரும்பி வந்தார்.

“அதே மேசையில அதே கறி இன்னும் ரெண்டு கேக்குறாங்க!”

முதலாளி தலையைச் சொறிந்தார். “அதெல்லாம் சரிம்மா. நாளையிலிருந்து பாத்திரத்தை யார் தேய்க்கிறது?”

“அது உங்க பாடு முதலாளி,” என்று தீயைக் கூட்டினேன். “எனக்கு ஆர்டர் வந்திருக்கு.”