மேல்மாடிக்குப் போன சோறு

நாட்டின் பெயர் எதற்கு? ஐ.நா.வில் கண்டனத் தீர்மானம் நிறைவேறிய அன்றும் அந்தத் தலைவர் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு, "உலகமே திரண்டு வந்தாலும் ஓர் அங்குலமும் விடமாட்டோம்" என்றார். மேல்மாடியில், அந்த நாட்டிலிருந்து வந்து குடியேறிய அன்ரன் டீவிக்கு முன்னால் கைதட்டினார். துறைமுகக் கிடங்கில் முதுகொடிய வேலை செய்துவிட்டு வந்து கீழ்வீட்டில் சாய்ந்திருந்த பேரின்பநாதனுக்கு அது நன்றாகவே கேட்டது.

போர்க்காலத்தில் ஊரில் இதே பேச்சை இரு தரப்பாரிடமும் இரண்டு மொழிகளில் கேட்டவர் அவர். கோபப்படக்கூட இப்போது சீவனில்லை.

அன்ரன் பெண்சாதி இல்லாத மனிதர். ஒரே மகன் பனி தொடங்கும் நேரம் வேலையை விட்டுவிட்டு அந்தத் தலைவரின் போருக்குப் போனான். அன்றைக்கு அவர்கள் குடியிருந்த வில்லரேப் பகுதியில் தெரு முழுக்க அன்ரன் கேக் கொடுத்தார். பேரின்பநாதன் தன் பங்கை வாங்கிக் குப்பையில் போட்டார்.

பிறகு ஒருநாள் பின்னேரம் மேலே டீவி சத்தமில்லை. வேலையால் வந்த மனைவி நிரோஜா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"மேல்வீட்டுப் பொடியன் செத்திட்டானாம்."

உடனே அரிசியைக் கழுவினாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. டப்பாக்களில் போட்டுக் கணவனிடம் நீட்டினாள்.

"செத்த வீட்டிலை அடுப்பு எரியாது. கொண்டு போங்கோ."

"அவர் கைதட்டின ஆள்."

"ஓம். இப்ப அந்தக் கை சும்மா கிடக்கு. கொண்டு போங்கோ."

மேலே டீவியின் சத்தத்தை அடைத்துவிட்டு அன்ரன் உட்கார்ந்திருந்தார். திரையில் தலைவரின் வாய் மட்டும் அசைந்தது. பேரின்பநாதன் டப்பாக்களை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். பிரெஞ்சு கேட்டால் அவருக்கு விளங்கும், பேசத் தெரிந்ததெல்லாம் பாரம் ஏற்றவும் இறக்கவும் உதவும் சொற்கள். நெடுநேரம் இருந்துவிட்டு, எழுந்து, எதுவும் சொல்லாமல் படியிறங்கினார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் டப்பாக்கள் திறக்கப்படாமல் வாசலில் இருந்தன. படியில் அன்ரன் நின்றார்.

"நீயும் அப்படித்தானா?" என்றார். "வந்தாய், பார்த்தாய், ஒரு வார்த்தை இல்லாமல் போனாய். மகனைக் கொன்றது நான்தான் என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி."

பேரின்பநாதனுக்கு அப்போதுதான் விளங்கியது. தன்மேலேயே எரிச்சல் வந்தது. தெரிந்த சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கி அடுக்கினார். எங்கள் ஊரில் செத்த வீட்டில் விடைபெறக் கூடாது. மற்ற நேரம் 'போய்விட்டு வருகிறேன்' என்றுதான் சொல்லுவோம். அங்கே அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அதனால்தான்.

அன்ரன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன கிழமை மகன் ஃபோன் எடுத்தான்," என்றார். "அப்பா, வந்துவிடவா என்று கேட்டான். ஓர் அங்குலமும் விடக் கூடாது என்று சொன்னேன். டீவியில் கேட்டதை அப்படியே சொன்னேன்."

பேரின்பநாதன் டப்பாக்களை உள்ளே கொண்டுபோய்ச் சூடாக்கி, இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளில் போட்டு, மேலே ஏறினார். அன்ரன் பின்னால் வந்தார். டீவி இன்னும் அணையவில்லை. தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அன்ரன் இரண்டு வாய் தின்றார். மூன்றாவது இறங்கவில்லை, கரண்டியைக் கீழே வைத்தார். அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது. பேரின்பநாதன் பழக்கப்படி பேசாமல் எழுந்து கதவடிக்குப் போனார்.

"சொல்லிவிட்டுப் போ," என்றார் அன்ரன். "இனி இந்த வீட்டில் சாக யாரும் இல்லை."

பேரின்பநாதன் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"போயிட்டு வாறன்," என்றார், தமிழிலேயே.