மீன் காணாமல் போன செய்தி

சித்தி போனில் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"உங்க சித்தப்பா மாத்திரையை நிறுத்திட்டு மாதுளைத் தோலை அரைச்சுக் குடிக்கிறார். கேட்டா உன் ஆய்வகமே சொல்லிடுச்சாம்."

சித்தப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்திருக்கிறது. மாத்திரையை விட்டால் இன்னொன்று வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

அவருடைய கடிகாரக் கடைக்குப் போனேன். ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கியபடியே போனை நீட்டினார். 'மாதுளைத் தோல் சாறு, புண்பட்ட இதயத்தை ஆற்றுகிறது. ஆய்வில் உறுதி.' கீழே எங்கள் ஆய்வகத்தின் பெயர்.

"இதுல பாதிதான் இருக்கு சித்தப்பா."

"உங்க ஆளுங்க எழுதினதையே இல்லேங்கிறியே. நல்ல வேலைக்காரிதான் போ!"

எனக்கு வாதாட வராது. ஆனால் எங்கள் அறிக்கையை நான் படித்திருந்தேன். அது மீனைப் பற்றியது. செய்தியிலிருந்து அந்த மீன் எங்கே தொலைந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

செய்தியை அனுப்பியவர் பக்கத்து சலூன்காரர். ஒருவர் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டே சொன்னார்.

"மீன் இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துட்டேன். மீன்னு எழுதிக் காட்டினாலே உங்க சித்தப்பாவுக்குக் குமட்டும். படிக்காம விட்டுட்டா? பாவம், நல்லாயிருக்கட்டுமேன்னுதான்."

அவருக்கு வந்த செய்தியை வாங்கிப் பார்த்தேன். மீன் இருந்தது. ஆனால் சாறே இல்லாவிட்டாலும் அந்த மீனின் இதயம் ஆறிவிடும் என்று எங்கள் அறிக்கையில் இருந்த வரி இல்லை. அதை வேறு யாரோ முன்பே வெட்டியிருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு அந்த மீன்களைக் காட்ட மேலாளரிடம் அனுமதி கேட்க அவர் கதவு வரை போய்த் திரும்பினேன். மறுபடி போய்க் கேட்டுவிட்டேன்.

சித்தப்பா மூக்கில் கைக்குட்டையோடு ஆய்வகத்துக்கு வந்தார். நகத்தளவுகூட இல்லாத மீன்குஞ்சுகள் இருந்த இரண்டு தட்டுகளை நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொன்றாக வைத்தேன். குனிந்தவர் கைக்குட்டையை மறந்தார்.

"அடேயப்பா! உள்ள துடிக்கிறது அப்படியே தெரியுது. பின்மூடியைக் கழட்டின கடிகாரம் மாதிரி."

"ரெண்டு தட்டுலயும் இதயத்துல காயம் பண்ணினோம். எந்தத் தட்டுக்குச் சாறு கொடுத்தோம், சொல்லுங்க பார்ப்போம்."

மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் நல்லாத்தானே ஓடுது?"

"ஆமா. இந்த மீனுக்குத் தானாவே ஆறிடும். சாறு கொடுத்ததுல கொஞ்சம் சீக்கிரம் ஆறுச்சு, அவ்வளவுதான். நம்ம இதயம் அப்படி ஆறாது."

"மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்த்தீங்களா?"

"இல்ல சித்தப்பா. ஒருத்தருக்குக்கூட இல்ல."

அவர் மறுபடி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏன் இதுக்கு ஆறுது, நமக்கு ஆறல?"

"அதைத்தான் தேடிட்டிருக்கோம்."

"தேடுங்க, தேடுங்க. கண்டுபிடிச்சா அந்தச் சலூன்காரன்கிட்ட மட்டும் சொல்லாதே."

சித்தி சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருந்த மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினார்.

"தண்ணி கொடும்மா. இந்தத் தட்டுலேர்ந்து வேண்டாம்."