பெயரில்லாத இணைப்பு

காலை ஒன்பதே முக்காலுக்கு அவளுடைய மடிக்கணினித் திரையில் மூன்றாவது வாரமாக அந்தச் சிவப்புக் கட்டம் வந்து நின்றது. 'உங்கள் வீட்டில் மறைந்த நெட்வொர்க் ஒன்று இயங்குகிறது. பதினோரு மணிச் சோதனைக்குள் அதை நிறுத்தவும்.' அந்த 'மறைந்த' என்ற சொல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. செத்துப்போனவர்கள் பெயருக்கு முன்னால் சுவரொட்டியில் போடுகிற சொல் அது. அதைக் கொண்டுவந்து உயிரோடு மனிதர்கள் நடமாடுகிற வீட்டில் ஒட்டியிருக்கிறார்களே என்று, பாவம், அந்தத் திரையிடமே கோபித்துக்கொண்டாள்.

வங்கி அட்டையைத் தொலைத்துவிட்டுப் பதறுகிறவர்கள் போன் செய்வார்களே, அவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே பதில் சொல்கிற வேலை அவளுடையது. முன்னறைக் கதவைச் சாத்த வேண்டும், வேறு சத்தம் கேட்கக் கூடாது, செல்போன் அறைக்குள் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டுதான் சேர்ந்தாள். 'வீட்டில் உங்கள் கவனிப்பு தேவைப்படும் நோயாளி உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்திருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அன்று இரண்டு முறை அழித்துவிட்டுத்தான் குறித்தாள். இப்போது மூன்றாவது சோதனையிலும் தவறினால் வீட்டு வேலை ரத்து, நாளை முதல் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அலுவலகத்துக்குப் போவதும் வேலையை விடுவதும் அவளுக்கு ஒன்றுதான். பின்னறையில் கண்டக்டர் படுத்திருந்தார்.

கண்டக்டர் என்றால் அவள் வீட்டுக்காரர். இருபத்தாறு வருடம் பேருந்தில் டிக்கெட் கொடுத்தவர். அவர் குரல் கொடுத்தால் மூன்று நிறுத்தத்துக்கு அப்பால் நிற்கிறவனும் சில்லறையைத் தேட ஆரம்பிப்பான் என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். போன வருடம் வாதம் வந்து வலப்பக்கத்தைக் கொண்டுபோயிற்று, பேச்சையும் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளையிட்டு ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். அவர் மூச்சு முழுக்க அந்தக் குழாய் வழியாகத்தான். சளி வந்து அடைத்தால் யாராவது ஓடிப்போய் உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து எடுக்க வேண்டும். கூப்பிட அவருக்குக் குரலில்லை. அதனால் இடது கையருகே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் முன்னறையில் அவள் மேசைமேல் இருக்கும் சின்ன விளக்கு மஞ்சளாக எரியும். சத்தமில்லை, யாருக்கும் தெரியாது.

செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுத்த நெட்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க வீட்டுல பேரே இல்லாம ஏதோ நெட்வொர்க் ஓடுதாம். பக்கத்துல யாராச்சும் நம்ம லைனைத் திருடுறாங்களா?"

அவர் சிரித்தார். "திருடனும் இல்ல, பேயும் இல்ல தங்கச்சி. நான் மாட்டுனதுதான். முன்ரூம்ல பெரிய பெட்டி, பின்ரூம்ல சின்னப் பெட்டி வெச்சேனா? அது ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்கிற லைன் அது. மெஷ்னு சொல்வாங்க. வெளியாளுக்குத் தெரியக் கூடாதுன்னு பேரை மறைச்சு வெச்சிருக்கும்."

"புருஷன் பொண்டாட்டி குசுகுசுன்னு பேசிக்கிற மாதிரியா?"

"அதேதான். ஆனா இதுங்க சண்டை போடாது."

"அதை நிறுத்தணும்ணே. பதினோரு மணிக்குள்ள."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "நிறுத்துனா சின்னப் பெட்டி அவுட்டு தங்கச்சி. கண்டக்டர் பொத்தானை அமுக்குனாலும் உன் லைட்டு எரியாது. நாளைக்கு வந்து ஒயர் இழுத்துத் தரேன். அப்புறம் இந்த மறைச்சு வெக்கிற வேலையே வேணாம்."

"நாளைக்கு வந்து என்ன பண்றது?"

"நான் இப்ப கம்பத்து மேல நிக்கிறேன்மா. ஊருக்கு அந்தப் பக்கம்."

எப்படி நிறுத்துவதென்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வீடாக யோசித்தாள். மாடிவீட்டு அக்கா வேலைக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. நாத்தனார் கிளம்பி வந்தால் மத்தியானம் ஆகும். ஒரு முக்கால் மணி நேரம் கட்டிலருகே உட்கார ஒரு ஆள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த ஒரு ஆள் அந்தத் தெருவில் இல்லை.

கொல்லைப்புறத்தில் ஈரத்துணிகளை வாரிப் போட்டுவிட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்தாள். கயிற்றோடு உள்ளே வந்தவளைக் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். மார்மேல் கிடந்த சிலேட்டுப் பலகையை இடது கையால் நிமிர்த்தி, சாக்பீஸால் கோணல்மாணலாக எழுதினார். 'என்ன டிரைவர், மாட்டைக் கட்டப் போறியா?' கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

"ஆமா, விட்டா ஓடிப்போயிடுவீங்கல்ல" என்றாள். கயிற்றின் ஒரு முனையை அவருடைய இடது மணிக்கட்டில் தளர்வாகக் கட்டினாள். மறுமுனையைத் தரையோடு தரையாக இரண்டு கதவுகளுக்கும் அடியில் விட்டு முன்னறை மேசைவரை கொண்டுபோனாள். திரும்பி வந்து குழாயைச் சுத்தம் செய்தாள், சளியை எடுத்தாள், தலையணையை உயர்த்தி வைத்தாள். ஒரு மணி நேரம் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துக் கடவுச்சொல்லைச் செல்போனில் எழுத்தெழுத்தாக அடித்தாள். நெட்காரர் சொன்ன பக்கம் திறந்தது. மெஷ் என்பதற்கு நேரே ஒரு பச்சைக் குமிழ். அதைத் தொட்டதும், 'இணைந்துள்ள ஒரு கருவி துண்டிக்கப்படும். தொடரவா?' என்று கேட்டது. தான் தன்னையே கேட்டுக்கொள்ளாததை ஒரு பெட்டி கேட்கிறதே என்றிருந்தது. விரலை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். பத்து ஐம்பத்திரண்டு. அழுத்தினாள். மேசை விளக்கின் ஓரத்தில் எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் பச்சைப் புள்ளி அணைந்தது.

செல்போனோடு பின்னறைக்கு ஓடி, அதை அங்கேயே வைத்தாள். "ஏங்க, நல்லா கேட்டுக்குங்க. பொத்தான் இனிமே வேலை செய்யாது. கயித்தை இழுங்க, என் காலுல தெரியும். ஒருவாட்டி இழுத்தா ஒண்ணுமில்ல, சும்மா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டுவாட்டி இழுத்தா நான் வரணும். புரிஞ்சுதா?"

அவர் தலையாட்டவில்லை. புருவத்தைச் சுருக்கிப் பலகையை இழுத்தார், சாக்பீஸைத் துழாவினார். அது போர்வை மடிப்புக்குள் உருண்டுவிட்டிருந்தது. முன்னறையில் அழைப்பு மணி ஒலித்தது. ஐந்து நிமிடம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டார்கள்.

"வந்து படிக்கிறேங்க. வந்து படிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடிக் கதவைச் சாத்தி, கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரையில், சோதனை செய்ய வந்த ஒரு சின்ன வயதுப் பெண். தலைவாரக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள். "வணக்கம் மேடம். நாப்பது நிமிஷம் ஆகும். ரெண்டு கையும் மேசை மேல இருக்கணும். நடுவுல எந்திரிச்சா செக் கேன்சல் ஆயிடும், சரிங்களா? ரூமைச் சுத்திக் காட்டுங்க."

காட்டினாள். ஜன்னல், அலமாரி, கூரை.

"மேசைக்குக் கீழ?"

வேறு வழியில்லாமல் மடிக்கணினியைச் சாய்த்தாள்.

"அது என்ன மேடம், கயிறு?"

"கொடிக்கயிறு."

"கால்ல எதுக்கு?"

"சும்மா... சிக்கிக்கிச்சு."

அந்தப் பெண் ஒரு பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "எங்க லிஸ்ட்ல கயிறு பத்தி ஒண்ணும் இல்ல" என்று ஏதோ குறித்துக்கொண்டாள். "நெட்வொர்க் பார்க்கிறேன். ம்... இப்ப க்ளீன் மேடம். மறைஞ்சது எதுவும் இல்ல. இனி மூணு டெஸ்ட் கால் வரும். நான் ஸ்டாப் சொல்ற வரைக்கும் நிறுத்தாமப் பேசணும்."

முதல் அழைப்பில் ஒரு ஆண் குரல், சந்தையில் அட்டையைத் தொலைத்தவனாக நடித்தது. அட்டையை முடக்கினாள், ஆறுதல் சொன்னாள். இரண்டாவது அழைப்பின் நடுவில் கட்டைவிரல் ஒரு முறை சுண்டி இழுபட்டது.

ஒன்று.

அவளுக்கு நெஞ்சு லேசானது. சும்மா இருக்கிறார். தன்னைத் தேற்றுவதற்காக இழுக்கிறார். அட்டையின் கடைசி நான்கு எண்களைக் கேட்டாள். மறுபடி இழுபட்டது. ஒன்றுதான். 'சரிங்க, தெரியுது, சும்மா இருங்க' என்று மனதுக்குள் செல்லமாகக் கடிந்துகொண்டாள். எண்களைத் திருப்பிச் சொல்லும்போது ஒரு எண்ணைத் தவறவிட்டாள். சும்மா இருக்கிற மனிதர் எதற்கு இத்தனை தடவை சும்மா இருக்கிறேன் என்கிறார்?

திரையில் அந்தப் பெண் சொன்னாள். "ஸ்டாப். அடுத்த கால்."

ஸ்டாப்.

கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் அவர் பேருந்தில்தான் அவள் வேலைக்குப் போனாள். அவள் இறங்கும் இடம் வந்தால் அவர் தலைக்குமேல் ஓடும் மணிக்கயிற்றை ஒரு முறை இழுப்பார். ஒன்று என்றால் ஸ்டாப். அவள் இறங்கிய பிறகு இரண்டு முறை இழுப்பார். ரைட், போகலாம். இருபத்தாறு வருடம் அந்தக் கை இதைத்தான் பேசியது. வாதம் வாயைத்தான் கட்டிப்போட்டது, கையின் பாஷையை அல்ல. அவசரத்தில் இவள் போய் அதைத் தலைகீழாக மாற்றிச் சொல்லிவிட்டு, அவர் சாக்பீஸ் தேடியதைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்திருக்கிறாள்.

இல்லை, அவர் புரிந்துகொண்டிருக்கலாம். அவள் சொன்னபடியேதான் இழுத்திருக்கலாம். இன்னும் பதினெட்டு நிமிடம். மூன்றாவது அழைப்பு மணியடித்தது. கயிறு விறைத்தது. இந்த முறை அது சுண்டவில்லை, தளரவும் இல்லை. விரலை இழுத்துப் பிடித்தபடி அப்படியே நின்றது.

அவள் எழுந்தாள்.

"மேடம், எங்க போறீங்க? எந்திரிக்காதீங்க, கேன்சல் ஆயிடும்! மேடம்!"

"அவருக்கு மூச்சு" என்றாள். யாருக்குச் சொன்னாளோ. காதிலிருந்ததை மேசைமேல் போட்டாள். கட்டைவிரலில் கயிற்றோடே ஓடினாள். கயிறு அவளுக்குப் பின்னால் சுருண்டு சுருண்டு வந்தது.

கண்டக்டரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இடது கை கயிற்றை முறுக்கிப் பிடித்து மார்போடு இழுத்து வைத்திருந்தது. பலகை தரையில் கிடந்தது. 'ஒண்ணுன்னா ஸ்டா' என்பதோடு எழுத்து கீழே வழுக்கிப் போயிருந்தது. அவள் இயந்திரத்தைப் போட்டாள். குழாய்க்குள் மெல்லிய குழலை இறக்கினாள். கட்டியாக இருந்தது, வரவில்லை. மறுபடி இறக்கினாள். "வாங்க, வாங்க, வந்துடுங்க" என்று கூப்பிட்டாள், எதைக் கூப்பிடுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு கனத்த உறிஞ்சல் சத்தம். அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கழுத்துத் துளையில் காற்று கரகரவென்று நுழைந்தது. வெளியே வந்தது. மறுபடி நுழைந்தது.

கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இயந்திரத்தை நிறுத்தத் தோன்றவில்லை. இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தன. அவற்றின் வழியே தூரத்தில், காலி நாற்காலிக்கு எதிரே, மடிக்கணினி தெரிந்தது. திரை அணையவில்லை. ஓரத்தில் சோதனையின் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் அந்தச் சின்னப் பெண்ணின் முகம் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. சோதனையை ரத்து செய்கிற பொத்தான் பக்கம் போகாமல், இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, அவள் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.