எண்ணுகிறவள்

டப்பாவை நீட்டிய கையைத்தான் முதலில் பார்த்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒரு முழ அகலத்தில் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் ஆண்கள் சாம்பிள் கொடுக்கும் அறை. கொடுப்பவர் முகமும் எண்ணுபவர் முகமும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்றுதான் கதவை அவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறார்கள். டப்பாவின் மேல் பெயர்கூட இருக்காது. நாற்பத்தொன்று என்று மட்டும் எழுதியிருந்தது. ஆனால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஓடிய அந்தத் தீக்காயத் தழும்பை எந்த எண்ணாலும் மறைக்க முடியாது. இருபத்திரண்டு நாள் அதற்கு மருந்து தடவியவள் நான்.

"இங்க வச்சா போதுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினான். அதே செருமல். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

உலை, அடுப்பு, வெல்டிங் என்று நாள் முழுக்கச் சூட்டின் முன்னால் நிற்கும் ஆண்களைப் பற்றியது எங்கள் ஆய்வு. அந்தச் சூடு விந்தணுவை எவ்வளவு தூரம் அழிக்கிறது, சூட்டிலிருந்து விலக்கி ஆறு மாதம் மருந்து கொடுத்தால் எவ்வளவு திரும்பி வரும் என்று நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உயிருள்ள அணு ஒன்றாவது இருந்தால்தான் ஆளைச் சிகிச்சைக்கு எடுப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த ஒன்று இருக்கிறதா என்று சொல்ல இரண்டு பேர் தனித்தனியாக எண்ணவேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. சாம்பிள் யாருடையது என்று தெரிந்துவிட்டால் அந்த நொடியே சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும்.

நான் எழுந்திருக்கவில்லை.

ஆறு வருடம் அவனோடு வாழ்ந்தேன். அந்த ஆறு வருடத்தில் என் வயிற்றைப் பார்க்காத மருத்துவர் இல்லை. சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசியால் துளைத்தார்கள், ஒருமுறை மயக்கம் தெளியும் முன்பே வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, அவரையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னதற்கு என் மாமியார் அங்கேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எம்புள்ள சிங்கம். சிங்கத்தப் போயி டப்பாவுல குடுன்னு சொல்றீங்களே, வெக்கமா இல்ல?" சிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. விவாகரத்து முடிந்து எட்டாவது மாதம் அவனுக்கு அடுத்த கல்யாணம். ரத்தப் பரிசோதனைக்கூடத்து வேலையை விட்டு ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பவர்களிடம், வீட்டுக்குப் பக்கம் என்று சொல்லிவைப்பேன்.

முதல் ஸ்லைடில் ஒன்றும் இல்லை. கட்டம் கட்டமாக நகர்த்தினேன். வெறும் வெளிச்சம். எனக்குள் எழுந்த சந்தோஷத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது சந்தோஷம்தான். பிறகு விதிப்படி மிச்சத்தை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, அடியில் படிந்ததைத் தனித்தனி ஸ்லைடில் எடுத்தோம். என்னோடு எண்ணும் மூத்தவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூத்தவர் இந்த வேலையில் இருபது வருடமாக இருப்பவர், ஒரு நாளைக்கு நாற்பது ஸ்லைடு பார்ப்பவர், வேகமாகப் பார்ப்பவர். அவர் பார்த்து முடித்து டீ குடிக்கப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினேழாவது கட்டத்தில் இரண்டு. ஒன்று இருந்த இடத்திலேயே வாலை உதறியது. மற்றொன்று நீந்தியது.

அவ்வளவு நேரம் நான் யோசிக்காத கணக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு என்று எழுதினால் சிகிச்சை. சிகிச்சையில் தேறினால் அவனுடைய இரண்டாம் மனைவிக்கு ஒரு குழந்தை. குழந்தை பிறந்தால், பாத்தியா, குறை யார்கிட்டன்னு இப்பத் தெரியுதா என்று மாமியார் ஊரெல்லாம் சொல்வார். இந்த உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றிய பொய் உறுதியாகிவிடும். ஒரு பூஜ்ஜியம் போதும், என் ஆறு வருடத்துக்கும் பதில் கிடைத்துவிடும். பேனாவைக் காகிதத்தில் வைத்தேன். பூஜ்ஜியத்தின் வளைவைத் தொடங்கிய கை பாதியில் திரும்பி, இரண்டு என்று முடித்தது. நல்ல மனதால் அல்ல. இத்தனை வருடம் எண்ணி எண்ணிக் கைக்கு வேறு பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு காகிதங்களையும் பிரித்தபோது மூத்தவர் பூஜ்ஜியம் எழுதியிருந்தார். "எங்கம்மா பாத்த ரெண்டு? கண்ணுல தூசி கீசி விழுந்துச்சா?" என்று சிரித்தார். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் ஆளைக் கூப்பிட்டு இன்னொரு சாம்பிள் கேட்க வேண்டும். வழக்கமாக நர்ஸ் போவார். "அவங்க வேலையா இருக்காங்க, நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன் சார்" என்று புது டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

காத்திருப்பு அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சன்னலோரம் மாமியார், நடுவில் அவன், அந்தப் பக்கம் அவள். அவள் மடியில் ஒரு தடித்த ஃபைல், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த எக்ஸ்ரே உறையின் நீல விளிம்பை எனக்குத் தெரியும். அப்படியானால் அவனுக்கு முன்னால் இவளையும் எல்லாச் சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

"நாப்பத்தொண்ணு" என்றேன். தேவைக்கு அதிகமாகவே சத்தமாக.

அவன் நிமிர்ந்தான். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாமியார்தான் முதலில் பேசினார். "நீயா? நீ எங்கடி இங்க?"

"இங்கதான் அத்தை வேலை. எண்ணுற வேலை."

"என்னத்த எண்ணுற?"

"உங்க வாரிசத்தான். ஆனா பெரிசா கஷ்டமில்ல. ஒரு கை விரலே அதிகம்."

எதிர் வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக்கிக்கொண்டார்கள். நான் டப்பாவை அவன் முன்னால் நீட்டினேன். "இன்னொரு தடவ குடுக்கணும். மொதல்ல குடுத்தத தேடித்தான் பாக்க வேண்டியிருந்துச்சு." அவன் வாங்கவில்லை. அவன் மடியில் வைத்தேன். பிரிந்த நாளிலிருந்து ஒன்பது வருடம் கனவில் ஒத்திகை பார்த்த காட்சி இது. கனவில் அவன் ஏதாவது பேசுவான். இங்கே தழும்பேறிய கையால் டப்பாவை மூடி மறைக்கப் பார்த்தான்.

அவள் மெதுவாக எழுந்து, மாமியாரிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, ஒண்ணாச்சும் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். "ரெண்டாவதையும் பாத்துட்டு டாக்டர் சொல்வாங்க" என்றேன்.

அதற்குள் மாமியார் டாக்டரின் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, இவ எங்க பழைய மருமக! அறுத்துக்கிட்டுப் போனவ! பொறாமையில என்னத்தையாவது எழுதித் தொலைச்சிருப்பா. இவ எழுதினது செல்லாது, கிழிச்சுப் போடுங்க!"

டாக்டர் அதிர்ந்து பேசாதவர். என்னை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார், தழும்பைப் பார்த்ததைச் சொன்னேன். "கை தெரிஞ்சதுமே நீங்க எழுந்திருச்சிருக்கணும். உங்களப் பத்தி நான் எழுதித்தான் ஆகணும்" என்றார். என் காகிதத்தை மாமியார் கண்ணெதிரே இரண்டாகக் கிழித்தார். மாமியாரின் முகத்தில் வெற்றி. கிழிந்தது அவர் மகனிடம் இருந்த இரண்டு என்பது அவருக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும், ஆனால் விதி விதிதான். "இன்னைக்கு எண்ண வேற ஆள் இல்ல, ரெண்டாவது சாம்பிள மூத்தவர் மட்டும் பாக்கட்டும். நீங்க தொடக் கூடாது. அவர் சொல்றதுதான் முடிவு."

ஒரு மணி நேரம் கழித்து அது வந்தது. சுழற்றி முடித்து மூத்தவர் உட்கார்ந்தார். நான் சுவரோரம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. அவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதெல்லாம் மேசைமேல் இருந்த திரையிலும் ஓடும். பயிற்சிக்கு வருபவர்களுக்காக வைத்தது, யாரும் அணைப்பதில்லை.

"ஒண்ணுங்கூட இல்லம்மா" என்றார் பாதியில். "பாவம், சின்னப் பொண்ணு அது, வெளியில ஒக்காந்து அழுதுட்டிருக்கு." கடைசி வரிசைக்கு நகர்த்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைத்தார், ஊதினார், மறுபக்கம் துடைத்தார்.

திரையின் இடது மூலையில் வெளிச்சம் லேசாக அசைந்தது. ஒன்று. தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல், ஆனால் நிற்காமல் நடுவை நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்தது. மூத்தவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நாக்கைப் பல்லுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு, அது கடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.