முப்பதும் பிடித்த பிள்ளை

போன வருடம் என் தங்கச்சி ஷஸ்னா முப்பது நோன்பும் பிடித்தாள். ஒன்றுகூட விடவில்லை. ஓட்டமாவடியில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் உம்மா இதைச் சொல்லாத வீடு கிடையாது. பத்தொன்பது வயதுப் பெண் பிள்ளை, முப்பதும்! சொந்தக்காரப் பெண்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். சித்தி முறையான சாச்சி மட்டும் குரலைத் தாழ்த்தி, "நாளைத் தள்ளிப் போட மாத்திரை கீத்திரை போட்டாளாகா?" என்று கேட்டாராம். "ஒரு மாத்திரையும் இல்லகா, அது அல்லாஹ் குடுத்த பாக்கியம்" என்று உம்மா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம். பெருநாளன்று எங்கள் மாமி, அதாவது வாப்பாவோடு பிறந்த ராத்தா, உம்மாவுக்கு மச்சி முறை, ஷஸ்னாவுக்கு ஒரு தங்கக் காப்புப் போட்டார். அது மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை ஓடியது. அதையும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நான் போனில் கேட்ட கதைகள். அப்போது நான் கட்டாரில், என் புருஷன் ஸாஹிரோடு இருந்தேன். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னால் ஷஸ்னா போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். படிக்கிறாள், தொழுகிறாள், வேலையாக இருக்கிறாள் என்று உம்மா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வார்.

மாமியின் மகன் ஷிஹானுக்குத்தான் ஷஸ்னா என்று சின்ன வயதிலேயே பேசி வைத்தாயிற்று. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அந்த நோன்புக்கு முந்திய வருடம், எங்கள் வீட்டு வளவிலேயே அவளுக்கு அத்திவாரம் போட்ட அன்று, மாமி எல்லோருக்கும் முன்னால் மேசனைக் கூப்பிட்டு, "வாசலைக் கொஞ்சம் அகலமா வைங்க தம்பி, எங்கட மருமகள் உள்ளுக்குப் போகவேணும்" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். ஷஸ்னாவும் சிரித்தாளாம். அன்று பகல் சமைத்த இறால் கறியை அவள் தொடவில்லை. அதற்குப் பிறகு அவள் இறாலும் தொடவில்லை, வேறு எதையும் ஒழுங்காகத் தொடவில்லை.

ஒரு சொல்லால் மட்டும் வருகிற நோயில்லை இந்த வருத்தம் என்று பிறகு டொக்டர் எனக்குச் சொன்னார். இருக்கலாம். அவர் படித்தவர், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

முப்பது நோன்பு முடிந்ததும், பெருநாளைக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பும் பிடித்தாள். பிறகு திங்களும் வியாழனும், கடமையில்லாத சுன்னத்து நோன்பு. வீட்டில் நோன்பு என்று சொன்னால் யார் கேள்வி கேட்பார்கள்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை சோறு வேண்டாம் என்றால் உம்மா அகப்பையோடு பின்னால் ஓடுவார். நோன்பு என்றால் முத்தம் கொடுப்பார். ஷஸ்னாவுக்கு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஒரு நாள் காலையில் குளியலறைக்குள் விழுந்து கிடந்தாள். உம்மா தனியாகவே அவளைத் தூக்கினாராம். அந்த லேசுதான் உம்மாவுக்கு முதன்முதலாகப் பயத்தைக் கொடுத்தது. நான் அடுத்த விமானத்தில் வந்தேன்.

ஷஸ்னாவைப் போய்ப் பார்த்தேன். தலைமுடி கொட்டி, கன்னம் ஒட்டி, அந்த வெயிலிலும் குளிருது என்று போர்வைக்குள் இருந்தாள். "கண்ணுறுதான்" என்று மாமி, திருஷ்டி கழியத் தண்ணீர் ஓதிக் கொண்டுவந்தார்.

பிறகு அலைந்த அலைச்சலைச் சொல்லி முடியாது. டவுனில் ஒருவர், காசு வாங்கிக்கொண்டு, எதை எவ்வளவு சாப்பிடவேண்டும் என்று அட்டவணை போட்டுத் தந்தார். ஷஸ்னா அதை வாங்கி ஒவ்வொன்றையும் பாதியாக்கி, பிறகு அந்தப் பாதியையும் பாதியாக்கினாள். எதில் எவ்வளவு கொழுப்பு என்று அதுவரை தெரியாததையெல்லாம் அந்த மனிதர்தான் அவளுக்குப் படிப்பித்தார். இன்னொரு இடத்தில் ஒரு அம்மா சாப்பாட்டைப் பற்றி மூச்சே விடாமல் மனம் விட்டுப் பேசு, மனம் விட்டுப் பேசு என்றார். பிள்ளை பேசினாள், அழுதாள், வீட்டுக்கு வந்து வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தாள். ஒருவருக்கு வயிறு மட்டும் தெரிந்தது, மற்றவருக்கு மனம் மட்டும் தெரிந்தது. நடுவில் கிடந்த என் தங்கச்சி தேய்ந்துகொண்டே போனாள்.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வதனி டொக்டரைக் கண்டோம். மன வருத்தங்களைப் பார்க்கிறவர். நாங்கள் உள்ளே போனபோது அவருக்குப் பக்கத்துக் கதிரையில் சத்துணவு பார்க்கும் முப்லிஹா மிஸ்ஸும் இருந்தார். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். இதற்கு நாங்கள் இத்தனை மாதம் பஸ் ஏறி இறங்க வேண்டியிருந்ததா என்று எனக்கு அழுகை வந்தது.

"பட்டினி கிடக்கிற மூளையோட எவ்வளவு கதைச்சாலும் ஏறாது" என்றார் வதனி டொக்டர். "அதே மாதிரி, பயத்தை விட்டுட்டுச் சோத்தை மட்டும் திணிச்சா அதுவும் நிக்காது. அதாலதான் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிறம்."

பிறகு ஷஸ்னாவைப் பார்த்து, கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டார். ஷஸ்னா நிலத்தைப் பார்த்தாள். உம்மா முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒழுங்கா வாற டொக்டர்" என்றார்.

முப்லிஹா மிஸ்தான் மெதுவாகக் கேட்டார். "போன நோன்பில எத்தனை நோன்பு விட்ட தங்கச்சி?"

"ஒண்டும் விடல்ல மிஸ்" என்றார் உம்மா, பழக்க தோஷத்தில், அதே பெருமையோடு. "முப்பதும் புடிச்ச புள்ள."

சொல்லி முடித்த பிறகுதான் உம்மாவின் முகம் மாறியது. மாதத்தில் சில நாட்கள் எங்களுக்குத் தொழுகையுமில்லை, நோன்புமில்லை. நோன்பு மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் பெண்கள் குசினிக்குள் மறைந்து நின்று, சத்தம் கேட்காமல் நாலு வாய் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நோன்பாளி முகத்தோடு வெளியே வருவோம். விட்ட நோன்பைப் பிறகு பிடிப்போம். இது எல்லாப் பெண்ணுக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கு தெரிந்த இத்தனை பெண்கள் சுற்றி நின்று, ஒரு குமர்ப் பிள்ளை முப்பதும் பிடித்ததற்குக் கைதட்டினார்கள், காப்புப் போட்டார்கள். உடம்பு ஒவ்வொரு கடையாக மூடிக்கொண்டு வந்திருக்கிறது. அதைப் போய்ப் பாக்கியம் என்றார்கள்!

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் கத்தியிருப்பேன்.

மெல்ல மெல்லத்தான் ஏறியது. காலையில் முட்டையும் பிட்டும், இடையில் பாலும் பழமும், பகல் சோறு, பிறகும் ஏதாவது. ஒவ்வொரு நேரமும் யாராவது பக்கத்தில் இருந்து ஊர்க்கதை பேச வேண்டும். குண்டு, மெலிவு என்ற பேச்சே வீட்டில் கூடாது. கிளினிக்கில் வதனி டொக்டர் அவளுடைய பயத்தைக் கேட்பார், அந்தப் பயம் எந்தச் சாப்பாட்டில் நிற்கிறதோ அதை முப்லிஹா மிஸ் அடுத்த கிழமைக்கு ஒரு பிடியாகத் தருவார். அப்படித்தான் ஒரு நாள் ஒரு இறால் திரும்ப வந்தது. அந்த ஒன்றைத் தின்ன அவள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் இனி வாசலை அகலமாக்கச் சொல்லமாட்டார்கள்.

இப்படி இருக்கும்போது இந்த வருட நோன்பு வந்தது. இதயத் துடிப்பு இன்னும் சரியில்லை, ஒரு நோன்புகூடக் கூடாது என்று டொக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, குற்றமும் இல்லை என்று ஜிப்ரி மௌலவி வீட்டுக்கே வந்து சொன்னார். உம்மா தலையாட்டினார். முப்லிஹா மிஸ் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: "பகல்ல நீங்க சாப்புடாட்டியும் பக்கத்தில இருங்க. ஆனா ஒளிச்சு வைச்சு மட்டும் குடுக்காதீங்க."

உம்மா ஒளித்து வைத்துத்தான் கொடுத்தார். பின்னறையில், ஜன்னலை மூடி, சோற்றுப் பீங்கானை ஒரு துணியால் மூடிக்கொண்டு போய்க் கொடுப்பார். "கெதியாச் சாப்புடு மகள், ஆக்கள் வந்துருவாங்க" என்பார். சாப்பாடு வெட்கக்கேடு என்று ஏற்கெனவே நம்புகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் யார் நடத்துவார்கள்? கட்டாருக்குத் திரும்பாமல் நான் தங்கியிருந்த என் சீதன வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் அந்த ஜன்னலைத் திறந்துவிடுவேன், நான் போனதும் உம்மா மூடிவிடுவார்.

ஊரே பெரிதாக எண்ணும் இருபத்தேழாம் நோன்பன்று பகல் நான் வந்தபோது ஜன்னல் திறந்தே கிடந்தது. பின்னறையில் பீங்கான் இல்லை. ஷஸ்னா ஹாலில் மாமிக்குப் பக்கத்தில், தலையில் ஸ்காப்போடு, உதடு வெடித்து இருந்தாள். பெருநாளைக்குப் பிறகு கலியாணத்துக்கு நாள் குறிக்க மாமி வந்திருந்தார்.

"இண்டைக்கு எங்கட புள்ள நோன்பு" என்றார் மாமி என்னைக் கண்டதும். "இப்பதான் முகத்தில ஒரு ஒளி வந்திரிக்கி."

நான் நேரே குசினிக்குப் போனேன். "ஒரே ஒரு நோன்புதான் மகள்" என்று உம்மா நான் வாய் திறக்குமுன்னே தொடங்கினார். "இருபத்தேழு. அவள்தான் விடியமுன்ன ஸஹருக்கு எழும்பிக் கெஞ்சினவள். மச்சியும் வாறாவு, ஆக்களுக்கு என்னத்தச் சொல்ற?"

அப்போதுதான் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த சட்டிக்குக் கீழே பீங்கானின் விளிம்பு தெரிந்தது. சட்டியைத் தூக்கினேன். பாதி சாப்பிட்ட சோறு, பருப்பு, ஒரு மீன் துண்டு.

"இது ஆருக்கு?"

உம்மா சட்டியை வாங்கித் திரும்பக் கவிழ்க்கப் பார்த்தார்.

"உங்களுக்கு நோன்பில்ல, என்ன? உங்களுக்கு இண்டைக்குத் தொழுகையில்ல. நல்ல சுகமா இரிக்கிற நீங்க இஞ்ச ஒளிச்சு நிண்டு சோறு தின்னுறீங்க, சாகக் கிடக்கிற புள்ள அங்க நோன்பு புடிக்கிறாள். உங்களுக்குப் படச்சவன்ட பயமா, மச்சிட பயமாகா?"

பெண்கள் தங்களுக்குள் போடுகிற "கா"வைப் போட்டு உம்மாவைக் கூப்பிட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அதற்காக எனக்கு வருத்தமில்லை. அதே வேகத்தில் ஹாலுக்கு வந்தேன்.

"ஷஸ்னா, எழும்பு. சாப்பாட்டு நேரம்."

"ராத்தா, இண்டைக்கு மட்டும்..." என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது அவளுடைய வருத்தத்தின் குரல்.

"என்னத்துக்குப் புள்ளயப் பாவத்தில தள்ளுறாய்?" என்று மாமி எழும்பினார். "போன முறை முப்பதும் புடிச்ச புள்ள. இந்த முறை ஒண்டாவது புடிச்சாத்தானே நாங்க நாலு பேருக்குச் சொல்லலாம்."

"மாமி, நீங்க மூணு புள்ள பெத்தவ. ஒரு குமர்ப் புள்ள எப்பிடி முப்பதும் புடிச்ச எண்டு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? அவளுக்கு ஒண்டரை வருசமா நாள் வாறல்ல. உங்கட காப்பு அதுக்குத்தான் குடுத்த பரிசு. இன்னொரு காப்பு வைச்சிரிக்கீங்களா? அவள் மௌத்தாகிக் கிடந்தா போடுறதுக்கு?"

மாமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஷஸ்னா இரண்டு கைகளாலும் முகத்தை மூடினாள். அவளை வெட்கப்படுத்திவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் நிறுத்த எனக்கு மனமில்லை.

அப்போதுதான் உம்மா வந்தார். ஒரு கையில் அந்தப் பாதிச் சாப்பாட்டுப் பீங்கான், மறு கையில் ஷஸ்னாவின் பீங்கான். பின்னறைப் பக்கம் போகவில்லை. ஹாலின் நடுவில், திறந்து கிடந்த முன் வாசலுக்கு நேரே பாயை விரித்து உட்கார்ந்தார். இரண்டு பீங்கான்களிலும் துணி இல்லை.

"என்னகா இது?" என்றார் மாமி.

"எனக்கு இண்டைக்குத் தொழுகையில்ல மச்சி" என்றார் உம்மா. ரோட்டுக்குக் கேட்கும் குரலில் சொன்னார். "வா மகள். உம்மாவோட சாப்புடு."

பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி, ஆண்கள் பள்ளிக்குப் போகிற நேரம். மாமி பதறிப்போய்க் கதவைச் சாத்த ஓடினார்.

"கதவு திறந்தே கிடக்கட்டும்" என்றார் உம்மா.

"ஆக்கள் காணுவாங்க உம்மா" என்றாள் ஷஸ்னா.

"காணட்டும்."

ஷஸ்னா வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பார்த்தாள். உம்மா சாப்பிடுவதைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் நோன்பு மாதத்துப் பகலில் உம்மாவின் வாய் அசைவதை நாங்கள் இரண்டு பேரும் கண்டதேயில்லை.

"எனக்குப் பயமாக் கிடக்கு உம்மா."

"பயத்தோடயே சாப்புடு. நான் இரிக்கன்தானே."

கொஞ்ச நேரம் விரலால் சோற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, மாமி நிற்பதையும் மறந்து, மெல்லிய குரலில் கேட்டாள். "உம்மா, எனக்குத் திரும்ப எப்ப வரும்?"

உம்மாவின் கை நின்றது. கண் நிரம்பிவிட்டது. "சாப்புடு மகள்" என்றார். "வரும். வந்த அண்டைக்கு ஊருக்கே சொல்லுவன்."

ஷஸ்னா ஒரு பிடி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். வேலிக்கு வெளியே தொப்பியோடு சைக்கிளில் போன ஒருவர் திரும்பி, பிரேக்கைப் பிடித்து, எங்கள் ஹாலைப் பார்த்தார். உம்மா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த பிடியைப் பிசைந்து வாயில் வைத்தார்.